அடிமாட்டு விலை: ஓசூர் எல்லையில் மாடு வளர்ப்பின் வரலாறும் வருங்காலமும்

1

கிருஷ்ணகிரிக்கு அருகில் குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமைதோறும் சந்தை கூடுகிறது. அங்கே மாட்டுக்கு இரண்டு விதமான விலை உண்டு. எத்தனை ஈத்து, எத்தனை பல்லு, வேளைக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டுப் பேசுகிற விலை ஒன்று. உடம்பைக் கண்ணால் அளந்து, கறி எவ்வளவு தேறும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுத் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசுகிற விலை இன்னொன்று. இரண்டாவது விலைக்குப் போகிற மாட்டை 'அடிமாடு' என்கிறோம். எதையாவது மலிவாக இழந்துவிட்டால் 'அடிமாட்டு விலைக்குக் கொடுத்துட்டான்' என்று சொல்வது மாடே வளர்க்காதவர்களின் பேச்சிலும் இருக்கிறது. இழப்பின் அளவுகோலாக ஒரு சமூகம் ஏன் இந்த விலையைத் தேர்ந்தெடுத்தது? இக்கேள்வி வழியாக இப்பகுதியின் மாட்டு வரலாற்றை வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

'நீடித்த கால்நடை இனப்பெருக்கம்' என்பது இன்று கருத்தரங்குகளிலும் திட்ட அறிக்கைகளிலும் புழங்கும் சொற்றொடர். இச்சொல்லாடல் பால் பண்ணையாளர், இறைச்சிப் பண்ணையாளர் என்று இருவரை முன்வைத்துப் பேசுகிறது. மேற்கில் அப்படி இருவர் இருக்கிறார்கள். ஹோல்ஸ்டீன் பாலுக்கு, ஹெர்ஃபோர்டும் ஆங்கஸும் கறிக்கு என்று மந்தைகளும் தனித்தனி. நம்மிடம் கறிக்கென்று மாடு வளர்ப்பவர் அநேகமாக இல்லை. ஒரே மாடு கையைவிட்டுக் கைமாறிப் பால் மாடாக இருந்து அடிமாடாகிறது. முதல் கை பெரும்பாலும் சாதி இந்து விவசாயியுடையது. கடைசிக் கைகள் முஸ்லிம் வியாபாரி, தலித் தொழிலாளி, தோல் பதனிடுபவர் ஆகியோருடையவை. பாலையும் கறியையும் பிரித்து வைத்திருப்பது உயிரியல் இல்லை, சாதி. முதல் கை தன்னுடைய கணக்கில் கடைசிக் கையைச் சேர்த்துக்கொள்ளாத வரை இங்கே எந்த இனப்பெருக்கக் கொள்கையும் நீடிக்காது என்பதே என் வாதம்.

2

பழைய தருமபுரி மாவட்டம் நடுகற்கள் மலிந்த பூமி. ஆநிரை கவர்ந்து செத்தவனுக்கும் மீட்டுச் செத்தவனுக்கும் இங்கே கல் நட்டிருக்கிறார்கள். 1970களில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இக்கற்களைத் தொகுத்து வெளியிட்ட பிறகு வீரயுகம் பற்றி நிறையவே எழுதப்பட்டது. மாட்டுக்காகச் செத்தவனுக்குக் கல் நட்ட சமூகம், செத்த மாட்டைத் தூக்கிச் சென்றவனுக்கு என்ன கொடுத்தது என்பதை அந்த எழுத்துகள் அதிகம் கேட்டுக்கொள்ளவில்லை.

மாட்டை அரசு எந்திரத்தின் உறுப்பாகவே ஆக்கியது மைசூர். சிக்கதேவராஜ உடையார் (1673–1704) காலத்தில் அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் தர ஏற்பட்டது 'பெண்ணே சாவடி'. 'பெண்ணே' என்றால் கன்னடத்தில் வெண்ணெய். ஹைதர் அலி அதைப் படைக்கு மாறச் செய்தார். பீரங்கியும் தளவாடமும் இழுக்கக் காளைகள் தேவைப்பட்டன. திப்பு அதற்கு 'அமிர்த மகால்' என்று பெயரிட்டு, மந்தைகளை எப்படி நிர்வகிப்பது என்று விதிமுறைகளும் வகுத்தார். 1781இல் ஹைதரின் படை இரண்டரை நாளில் நூறு மைல் கடந்து சிதம்பரத்தை எட்டியதற்கு இம்மாடுகளே காரணம் என்று ஆங்கிலேயர் வியந்து எழுதி வைத்திருக்கிறார்கள். வெண்ணெய்ச் சாவடியாகத் தொடங்கிய ஏற்பாட்டில் பசு, காளையைப் பெற்றுத் தரும் தாய் மட்டும் என்றானது. பால் கன்றுக்குப் போனது.

இந்த மந்தைகளுக்கென்று 'காவல்' எனப்பட்ட மேய்ச்சல் நிலங்கள் மைசூர் நாடெங்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. எல்லைக்கு இந்தப் பக்கம் அரசு காவல்களை விடவும் குடியானவர்களின் காட்டுப்பட்டிகளே முக்கியம். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் போனால் 'தொட்டி' என்று முடியும் சிற்றூர்கள் வரிசையாக வரும். தமிழில் எழுதிப் பார்த்தால் தண்ணீர்த் தொட்டி மாதிரி இருக்கும். அது கன்னடச் சொல். மாடடைக்கும் பட்டி என்று பொருள். பட்டி போட்ட இடத்தில் ஆள் தங்கி ஊரானது. கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே திண்ணையில் பேசப்படும் இந்தப் பகுதியை மொழிவாரி எல்லையின் ஓரமாகப் பார்ப்பது 1956க்குப் பிந்தைய பார்வை. மாட்டின் பக்கமிருந்து பார்த்தால் இது ஓரமே இல்லை. ஹள்ளிகாரும் ஆலம்பாடியும் பர்கூர் மாடும் ஒன்றோடொன்று உறவுள்ள மைசூர் வகை மாடுகள். காவிரியின் இரு கரைக் காடுகளும் அவற்றின் நடு வீடு.

3

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு பாரமகால் கம்பெனி வசமானது. 1799இல் திப்பு வீழ்ந்ததும் ஓசூரும் வந்தது. அமிர்த மகால் மந்தைகளையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. 1824இல் ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் குதிரைப்படைக்குக் குதிரை வளர்க்கும் பண்ணை தொடங்கியது. சுமார் 1,600 ஏக்கர். பின்னாளில் கால்நடைப் பண்ணையாக மாறி, மாவட்டக் கால்நடைப் பண்ணை என்ற பெயரில் தொடர்ந்தது இதுதான். இந்தப் பகுதியில் விலங்கின் உடம்பை அரசு தன் தேவைக்கேற்ப வடித்தெடுத்த சோதனைக்கூடம் என்று இதைச் சொல்லலாம். தேவை மாறினால் விலங்கும் மாறும். 1860இல் சென்னை ஆளுநர் டிரெவெல்யன் சிக்கன நடவடிக்கையாக அமிர்த மகால் மந்தையைக் கலைத்தார். படைக்குக் காளை கிடைக்கவில்லை என்றதும் 1866இல் மறுபடி சேர்த்தார்கள். ஆறு வருஷம் மந்தை 'வீண் செலவு', ஏழாவது வருஷம் 'அரிய செல்வம்'.

மறுபுறம் 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் பட்டிகள் இருந்த காடுகளைக் காப்புக்காடுகளாக்கியது. மேய்ச்சல் உரிமையாக இருந்தது, கட்டணம் கட்டிப் பெறும் சலுகையானது. கொஞ்ச காலத்திலேயே பட்டியலிடும் அறிவும் வந்து சேர்ந்தது. கன் என்ற கால்நடை அதிகாரி 1909இல் தென்னிந்திய மாடுகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஓசூர்ப் பண்ணையோடு தொடர்புடைய லிட்டில்வுட் 1936இல் இன்னொன்று. 1953இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்துக்காக ஜோஷியும் ஃபிலிப்ஸும் எழுதிய நூலிலும் ஆலம்பாடி உண்டு, பர்கூர் உண்டு. (இந்தப் பர்கூர் ஈரோடு மாவட்டத்து மலை. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர் வேறு. நம் எழுத்தாளர்களே இரண்டையும் குழப்புகிறார்கள்.)

இவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் உருவாக்கிய 'இனம்' என்ற கருத்தாக்கத்தைக் கவனிக்க வேண்டும். மாடு வளர்ப்பவன் வைத்த பெயர்கள் மயிலை, செவலை, காரி, பில்லை என்று நிறத்தையும், கொம்பையும் சுழியையும், குணத்தையும் பற்றியவை. அதிகாரி வைத்த பெயர் ஓர் இடத்தைச் சுட்டி, அந்த இடத்து மாடு அனைத்துக்கும் ஒரு 'தூய' வடிவத்தை நிர்ணயிப்பது. தூய வடிவம் என்று வந்தால் கலப்பு என்பது இழிவாகிறது. 'சாதி மாடு' என்று பேச்சில் நாம் சொல்வதும் தற்செயலானது இல்லை. 1928இல் அறிக்கை தந்த லின்லித்கோ தலைமையிலான வேளாண்மை ஆணையம், மாடு நலிய நலிய விவசாயி எண்ணிக்கையைக் கூட்டுகிறான், எண்ணிக்கை கூடக்கூட மாடு மேலும் நலிகிறது என்று ஒரு விஷச் சுழலை விவரித்தது. மேய்ச்சல் காடு மூடப்பட்டதும் அந்தச் சுழலின் ஒரு வளையம்தான். அதை விட்டுவிட்டால் குற்றம் முழுவதும் விவசாயியின் அறியாமை மேலே விழுகிறது.

4

பால் இந்த நாடகத்துக்குள் தாமதமாகத்தான் வருகிறது. வந்த வழி பெங்களூர். ராணுவக் குடியிருப்புக்கும் நகரத்துக்கும் பால் வேண்டியிருந்தது. 1920களில் அங்கே இம்பீரியல் பால்வள நிறுவனம் அமைந்தது. 1927இல் உடம்பு சரியில்லாமல் பெங்களூரில் தங்கியிருந்த காந்தி அங்கே போய்ப் பசு வளர்ப்புப் பாடம் கேட்டார். பசுப் பாதுகாப்புக்காக 1925இல் காந்தி தொடங்கிய சங்கத்தின் திட்டத்தில் பால் பண்ணையோடு தோல் பதனிடும் நிலையமும் இருந்தது. செத்த மாட்டின் தோலுக்கு விலை வந்தால்தான் உயிருள்ள மாட்டைக் காப்பாற்றக் கட்டுபடியாகும் என்கிற கணக்கு காந்திக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தோலை யார் உரிப்பது, ஏன் அவரே உரிக்க வேண்டும் என்ற கேள்வி அம்பேத்கருடையது. தீண்டாமையின் தோற்றம் பற்றி 1948இல் வெளியான நூலில் மாட்டுக்கறி உண்ணலையே அதன் வேராக அவர் இனங்கண்டார். இன்றைய பசு அரசியலுக்கு இரண்டுமே வேண்டாதவை.

1939இல் மைசூர் அரண்மனைப் பண்ணையில் சம்பத்குமரன், ஹோல்ஸ்டீன் காளையின் விந்தை ஹள்ளிகார் பசுக்களுக்குச் செயற்கையாகச் செலுத்திச் சினையாக்கினார். இந்தியாவில் செயற்கைக் கருவூட்டல் அங்கே தொடங்குகிறது. பீரங்கி இழுத்த வம்சத்தின் வயிற்றில் ஐரோப்பியப் பால் காளை! ஓசூர்ப் பண்ணையிலோ சிவப்புச் சிந்தி மந்தை பேர்பெற்றது. கராச்சிப் பக்கத்து மாடு. தேசப் பிரிவினையில் அதன் சொந்த ஊர் பாகிஸ்தானுக்குப் போக, மந்தை இங்கே தங்கிவிட்டது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பல இடங்களில் ஜெர்சிக் கலப்பையும் 'சிந்து மாடு' என்றே சொல்கிறார்கள். ஜெர்சிக்கு முன்னால் வந்த சிந்தியின் பெயர் மாட்டை விட்டுப் போனாலும் வாயை விட்டுப் போகவில்லை.

1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சியும் 1976ஆம் ஆண்டுத் தேசிய வேளாண்மை ஆணையத்தின் கலப்பினப் பரிந்துரையும் மிச்சத்தை முடித்தன. அதே பத்தாண்டில் ஓசூருக்குச் சிப்காட் வந்தது. அசோக் லேலண்ட் லாரி வந்தது. 1980இல் டி.வி.எஸ். 50 வந்தது. இதைத் தனித்தனிச் செய்திகளாகப் படிக்கக் கூடாது. லாரியும் டிராக்டரும் எருதின் வேலையைப் பறித்தன. டி.வி.எஸ். 50 இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு பசுவின் பாலை ஊர் ஊராகத் திரட்டியது. ஏர் ஓட்டவும் வண்டி இழுக்கவும் வேண்டியிருந்த காலத்தில் காளைக்கன்று பிறந்தால் வீட்டுக்கு வருமானம். இப்போது பாலைக் குடித்துவிட்டு நிற்கும் செலவு. ஹைதர் காலத்தில் வெறும் தாயாக இருந்த பசு இப்போது முழு மாடு. அன்று முழு மாடாக இருந்த காளை இன்று கழிவு.

எண்ணிக்கையும் இதையே சொல்கிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பசுவின மாடுகள் சுமார் 19 கோடியே 25 லட்சம். 2012ஐ விடப் பெண் மாடுகள் 18 சதவீதம் கூடியிருந்தன. ஆண் மாடுகள் 30 சதவீதம் குறைந்திருந்தன. ஏழே ஆண்டில் இரண்டு கோடிக்கும் மேலான காளைகள் கணக்கிலிருந்து மறைந்தன. பிறப்பில் ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சமம்தானே, அந்தக் காளைகள் எங்கே போயின?

1969இல் கே. என். ராஜ் 'உபரி மாடு' பற்றிய விவாதத்தில் இதற்கு ஒரு பதில் வைத்தார். உத்தரப்பிரதேசத்தில் பசுவைவிடக் காளை அதிகம், கேரளத்தில் காளையைவிடப் பசு மிக அதிகம். உழவுக்கு எருது வேண்டிய இடத்தில் பசு குறைகிறது, வேண்டாத இடத்தில் காளை குறைகிறது. கும்பிடும் கை ஒன்றாக இருந்தாலும் கணக்குப் போடும் கை ஊருக்கு ஊர் வேறு.

5

இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ள மறுத்தது சட்டம். அரசியலமைப்பின் 48ஆவது கூறு ஒரே மூச்சில் இரண்டு சொல்கிறது. கால்நடை வளர்ப்பை நவீன, விஞ்ஞான முறையில் அமைக்க வேண்டும். பசுவையும் கன்றையும் பிற கறவை, உழவு மாடுகளையும் வெட்டுவதைத் தடுக்க வேண்டும். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இது விவாதத்துக்கு வந்தபோது அசாமின் சாதுல்லா, மதக் காரணம் என்று நேராகச் சொன்னால் நான் எதிர்க்க மாட்டேன், பொருளாதாரக் காரணம் என்று சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை என்ற கருத்தில் பேசினார். மத உணர்வைப் பொருளாதாரமாக வேடம் கட்டியதை அன்றைக்கே அவர் கண்டுகொண்டார்.

பிறகு நடந்தது அந்த வேடத்தின் வரலாறு. 1958இல் தமிழ்நாட்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் வயதான, பயன்படாத மாட்டை வெட்ட அனுமதித்தது. 1976 ஆகஸ்டில், நெருக்கடி நிலைக் காலத்தில், சட்டசபை கலைக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்தபோது, பசுவையும் கிடேரியையும் வெட்டத் தடைசெய்யும் அரசாணை வந்தது. திராவிட இயக்க மாநிலத்தில் இந்த ஆணை பிறந்த நேரத்தைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. 2017 மே மாதம் மத்திய அரசு, கால்நடைச் சந்தைகளில் வெட்டுவதற்கு மாடு விற்கக் கூடாது என்று விதி போட்டது. அடுத்த வாரமே சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. அந்தத் தடையை உச்சநீதிமன்றம் நாடு முழுவதற்கும் நீட்டித்தது.

கர்நாடகத்தில் 1964ஆம் ஆண்டுச் சட்டம் வயதான காளையையும் எருதையும் வெட்ட அனுமதித்திருந்தது. 2020ஆம் ஆண்டுச் சட்டம் 13 வயது கடந்த எருமையைத் தவிர எல்லாவற்றையும் மூடியது. மூன்றிலிருந்து ஏழு ஆண்டுவரை சிறை. எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் குற்றமாவது இந்தப் பக்கம் வேறு சட்டம். ஆனால் மாடு ஒன்றேதான், சந்தையும் பல தலைமுறையாக ஒன்றேதான். 2023 மார்ச் கடைசி இரவில், அஞ்செட்டிக் காடுகளுக்கு அப்பால் கனகபுரா வட்டத்துச் சாத்தனூரில் மாடு ஏற்றிச் சென்ற வண்டியைப் 'பசுக் காவலர்'கள் மறித்தார்கள். அதில் சென்ற ஒரு முஸ்லிம் இளைஞர் மறுநாள் சடலமாகக் கிடந்தார்.

இங்கே விவசாயிக்கு நேர்வதைக் கவனியுங்கள். வண்டி பிடிக்க ஆபத்து இருந்தால் வியாபாரி அந்த ஆபத்துக்கான விலையைக் கழித்துக்கொண்டுதான் கேட்பார். உயிரை வியாபாரி பணயம் வைக்கிறார், ரூபாயை விவசாயி இழக்கிறார், கறியின் விலையைத் தொழிலாளி கூடுதலாகக் கொடுக்கிறார். 'அடிமாட்டு விலை' என்ற வழக்கு நம்முடைய மொழிக்குள் வந்த பாதை இதுவாக இருக்க வேண்டும். மாட்டுக்கு மதிப்பில்லாததால் விலை விழவில்லை. கடைசிக் கையை இழிவானதாகவும் குற்றவாளியாகவும் வைத்திருப்பதால் விழுகிறது.

தளிப் பக்கம் ஒரு பெண் என்னிடம் சொன்னார்: "கறவை நின்னுபோனா ரெண்டு மாசம் பாக்கலாம், மூணு மாசம் பாக்கலாம். அதுக்குத் தீனி போட்டா இன்னொண்ணு பட்டினி. சாமின்னு சொல்றவங்க வந்து ஒரு கட்டு தட்டு போடட்டுமே." 2011இல் தமிழ்நாடு அரசு ஏழைப் பெண்களுக்கு ஆண்டுக்கு 12,000 கறவை மாடுகள் தரும் திட்டத்தைத் தொடங்கியது. நிலமும் தட்டும் இல்லாதவருக்குத் தரப்பட்ட பசு வறண்டதும், அடிமாட்டு விலையின் முழு அடியையும் வாங்குபவர் அவரே.

6

2017 ஜனவரியில் மெரினாவில் திரண்ட கூட்டம் ஜல்லிக்கட்டோடு நாட்டு மாட்டையும் கோஷமாக்கியது. காளைக்கு ஒரு பயன் இருந்தால்தான் நாட்டினம் பிழைக்கும் என்று அந்த இளைஞர்கள் சொன்னது பொருளியல்ரீதியில் சரியான வாதம். கிருஷ்ணகிரியில் எருது விடும் விழா இன்றும் உயிரோடு இருக்கிறது. 2023 பிப்ரவரி 2 அன்று கோபச்சந்திரத்தில் அனுமதி தாமதமானதும் பெங்களூர் தேசிய நெடுஞ்சாலையே மறிக்கப்பட்டது. கார்களும் கன்டெய்னர் லாரிகளும் மணிக்கணக்கில் எருதுக்காகக் காத்திருந்தன.

ஆனால் விழாவுக்குப் போகும் காளை ஊருக்குச் சில. பிறக்கும் காளைக்கன்றுகளோ ஆயிரக்கணக்கில். மிச்சமுள்ளவற்றைப் பற்றி நாட்டு மாட்டுச் சொல்லாடல் மௌனம் சாதிக்கிறது. அந்த மௌனத்தில் 'நம் இனம், தூய இனம்' என்ற பேச்சு எளிதில் பசு அரசியலின் கைக்குப் போய்ச் சேருகிறது. நாட்டு மாட்டுப் பால் நகரத்தில் உயர்ந்த விலைக்கு விற்கிறது. அதே மாட்டின் கறியைப் பற்றிப் பேசினால் மேடை காலியாகிறது.

அறிவியலின் பதில் வேறு மாதிரி. பெண் கன்று மட்டும் பிறக்கும்படி பிரித்தெடுத்த விந்து ஊசி இப்போது தரப்படுகிறது. நூற்றுக்குத் தொண்ணூறு கிடேரி என்கிறார்கள். 2014இல் தொடங்கிய ராஷ்ட்ரிய கோகுல் மிஷன் இதை ஊக்குவிக்கிறது. வெட்ட முடியாத காளையைப் பிறக்காமலே செய்துவிடுவது! வதைத் தடையும் விஞ்ஞானமும் 48ஆவது கூறில் ஒன்றாக நின்றது போலவே இங்கும் கைகோக்கின்றன. விவசாயிக்கு இதில் உடனடி லாபம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கிடேரியும் ஒருநாள் கிழப்பசு ஆகும். காளைக்கன்றை ஒழித்துவிட்டால் அடிமாட்டுப் பிரச்சினை தீராது, ஏழெட்டு ஈத்து தள்ளிப்போகும், பிறகு இரண்டு மடங்காக வரும். விற்க வழியடைத்த ஊர்களில் என்ன ஆனது? இந்திய அளவில் கேட்பாரற்றுத் திரியும் மாடுகள் 2012க்கும் 2019க்கும் இடையில் சற்றுக் குறைந்தன. உத்தரப்பிரதேசத்தில் மட்டும் அவை 17 சதவீதத்துக்கு மேல் கூடின. பயிரை மேய்ந்தன, ராத்திரியெல்லாம் விவசாயியை வயலில் உட்கார வைத்தன. சுற்றுச்சூழல் பேசுவோர் மாடு விடும் மீத்தேன் பற்றிக் கவலைப்படுகிறார்கள். பால் தராத மாட்டைச் சட்டத்தால் தெருவில் நிறுத்துவதும் அந்தக் கணக்கில்தான் வரும்.

7

அப்படியானால் என்ன செய்வது? திட்ட அறிக்கை எழுதுவது என் வேலை இல்லை. என்றாலும் இந்த வரலாறு சிலவற்றைச் சுட்டுகிறது.

முதலாவது காடு. 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2022இல் தெற்கும் வந்தது. அதே 2022இல் உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் முழுவதிலும் மேய்ச்சலைத் தடுத்து, பிறகு அத்தடையைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. சுருக்கினாலும் பட்டி மாடுகளின் காடு பெருமளவு அந்தச் சுருக்கத்துக்குள்தான் இருக்கிறது. ஆலம்பாடி மாட்டுக்கென்று காரிமங்கலத்தில் ஆராய்ச்சி மையம் அமைத்திருக்கிறார்கள், நல்லது. காட்டில் மேய்ந்து உருவான மாட்டைக் கொட்டகையில் காப்பாற்றினால் மிஞ்சுவது வடிவம் மட்டும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சலை உரிமையாகவே சொல்கிறது. அதை இங்கே பேச வேண்டியவர்கள் பேசவில்லை.

இரண்டாவது பால் விலை. 2023 மே மாதம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அமுல் குளிரூட்டும் நிலையங்களையும் பதப்படுத்தும் ஆலையையும் அமைத்ததை எதிர்த்து முதலமைச்சர் ஸ்டாலின் மத்திய அமைச்சர் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதினார். அந்த ஆண்டு டிசம்பரில் ஆவின் பாலுக்கு லிட்டருக்கு மூன்று ரூபாய் ஊக்கத்தொகை வந்தது. ஆவினா அமுலா என்ற சண்டையில் கறவை நாட்களின் விலை மட்டுமே பேசப்பட்டது. வறண்ட மாதங்களின் தீனிச் செலவும் காளைக்கன்றின் செலவும் எந்த லிட்டரிலும் ஏறவில்லை.

மூன்றாவது, இதுவரை சொன்னதன் சாரம். அடிமாட்டு விலை நியாயமான விலையாக வேண்டும். மாடு விற்பதும் வாங்குவதும் ஏற்றிச் செல்வதும் பயமில்லாத தொழிலாக வேண்டும். சுத்தமான, உரிமம் பெற்ற வெட்டுமிடம் அருகிலேயே இருக்க வேண்டும். 1976 அரசாணையை மறுபரிசீலனை செய்யக் கேட்க வேண்டும். கறி விலை கூடினால் விவசாயி காளைக்கன்றைப் பட்டினி போடாமல் இரண்டு வருஷம் வளர்ப்பார், கிழப்பசுவை விற்ற காசில் நல்ல கிடேரி வாங்குவார். நாட்டு மாட்டுக்கும் அப்போது ஒரு கணக்கு பிறக்கும். குறைந்த தீனியில் காட்டை மேய்ந்து உடம்பு தேற்றும் மாடு கறிக் கணக்கில் தோற்காது. கடைசிக் கையில் நிற்பவர்களின் தொழில் இழிவு என்ற நிலை நீங்காமல் இது எதுவும் நடக்காது. அது கால்நடைத் துறையின் வரம்புக்குள் தீரும் விஷயமும் இல்லை.

விவசாய சங்கங்கள் பால் விலைக்குச் சாலை மறிக்கின்றன. மாட்டுக்கறி உரிமைக்குத் தலித் அமைப்புகளும் மாணவர்களும் போராடுகிறார்கள். ஒரே மாட்டின் இரண்டு விலைகளுக்காக நடக்கும் இந்தப் போராட்டங்கள் இதுவரை ஒரே மேடைக்கு வரவில்லை. பால்காரர் சங்கத்தின் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் லிட்டர் விலைக்குக் கீழே அடிமாட்டு விலையும் எழுதப்படுமா? அதை எழுதச் சொல்லி யார் முதலில் கேட்கப் போகிறோம்?